கரம்பொன் லொறியை நாம் பாதுகாத்த விதம்

தீவகத்திலுள்ள பழைய மோட்டார் வாகனங்களை இனங்கண்டு பேணுவதற்கென நாம் ஐவர் சேர்ந்து ஒரு சங்கம் நிறுவினோம். தலைவர், உபதலைவர், செயலாளர், பொருளாளர், கணக்காய்வாளர் என ஐந்து பதவிகள் இருந்தமையால், சாதாரண உறுப்பினர் எவருக்கும் அங்கே இடமிருக்கவில்லை. தலைவர் பதவி எனக்குக் கிடைத்தது. எட்டாம் வகுப்புடன் பள்ளியை விட்டவனாயினும், யாழ்ப்பாணத்துப் பழைய இரும்புக் கடையொன்றில் வாங்கிய மோட்டார் விலைப்பட்டியலைப் பலமுறை படித்தவன் என்ற தகுதி எனக்கிருந்தது. படங்களின் கீழிருந்த எழுத்துகளைக் கறையான் தின்றிருந்தது. ஆகவே வாகனங்களின் உருவங்களை நன்கறிவேன். பெயர்களில் மட்டுமே சிறிது ஐயம்.

எமது முதற் கண்டுபிடிப்பு கரம்பொன் கடற்கரையில் நின்றது. அது வலைகளையும் மீன்பெட்டிகளையும் ஏற்றி அன்றாடம் ஓடிக்கொண்டிருந்த ஒரு லொறி. கண்டுபிடிப்பு என்பது செயலாளரின் சொல். ஊரார் அதற்குப் பல்லாண்டுகளாக ஒதுங்கி வழிவிட்டே வந்துள்ளனர். முகப்பிலிருந்த பெயர்த்தகடு போர்க்காலத்தில் ஒரு சட்டியின் ஓட்டையை அடைக்கப் போயிருந்தமையால், அதன் இனத்தை வாக்கெடுப்பினால் தீர்மானித்தோம். பெட்போர்ட் என்று மூன்று வாக்கு, ஒஸ்ரின் என்று இரண்டு. ஒஸ்ரினுக்கு வாக்களித்துத் தோற்ற உபதலைவர் அதன்பின் எவருடனும் முகங்கொடுத்துப் பேசவில்லை.

லொறியின் உரிமையாளர் தந்தை வழியில் அதைப் பெற்ற கடற்றொழிலாளி. தீர்மானத்தை வாசித்துக் காட்டியபோது அவர் சொன்னார்:

"என்ன லொறி எண்டது கிடக்கட்டும் ஐயா. இரண்டாம் கியர் விழுதில்லை. அந்தப் பற்சில்லு எங்கையும் எடுக்கலாமோ?"

எடுக்கலாம். கொழும்பிலே பழைய வாகனங்களைத் திருத்தும் அம்மையார் ஒருவர் அத்தகைய உதிரிப்பாகங்களைச் சேர்த்து வைத்திருந்தார். நன்கு பேணப்பட்ட வாகனம் என்று தம் கண்ணால் கண்டால் மட்டுமே கொடுப்பார்; அதுவும் அதைப் பேணியவரின் கையிலேயே கொடுப்பார். ஆறு வாரங்களில் வருவதாகச் சொன்னார். அதுவரை லொறியை எம்மிடம் ஒப்படைக்குமாறு கேட்டோம். வேறு வழியில்லாத அம்மனிதர் மீன்பெட்டிகளைச் சைக்கிளில் கட்டத் தொடங்கினார்.

லொறியின் அடிப்பாகம் கறுத்து, பிசுபிசுத்து, சொல்லத்தகாத நாற்றம் வீசியது.

"உது சுறா ஈரல் எண்ணெய். வள்ளத்துக்குப் பூசிற மாதிரிப் பூசிறனான். கழுவிப்போடாதேங்கோ," என்றார் அவர்.

"தம்பி, நீர் கடலைப் பற்றிச் சொல்லும், கேக்கிறன். இது மோட்டார்," என்றேன்.

"ஓம் ஐயா. கடலுக்குப் பக்கத்தில நிக்கிற மோட்டார்."

அதைக் குறும்பு என்று கருதி மன்னித்தேன். பின்னர் நாம் ஐவரும் வேட்டியை மடித்துக் கட்டி, சவர்க்காரத் தூளும் தேங்காய்த் தும்புமாக இரண்டு நாட்கள் தேய்த்தோம். மீன் வாங்க வந்த பெண்ணொருத்தி நின்று பார்த்துவிட்டு, "என்ன அண்ணை, லொறி பெரியபிள்ளை ஆயிட்டுதோ? தண்ணி வாக்கிறியள்?" என்று கேட்டாள். உபதலைவர் மட்டும் சிரித்தார்.

படம் எடுப்பதற்கு அழகாயிருக்கும் என்று கடலை நோக்கியே கொட்டகை போட்டோம். சோளகக் காற்று கடலிலிருந்து உப்போடு வீசத் தொடங்கியிருந்தது. இரண்டாம் வாரத்தில் லொறி துருவேறிச் சிவந்தது. மூன்றாம் வாரத்தில் மட்கார்ட்டில் ஒரு துளை தோன்றியது. கணக்காய்வாளர் தம் கடமையை எண்ணி விரலால் அங்கங்கே குத்திப் பார்த்து, மேலும் மூன்று துளைகளை உறுதிப்படுத்தினார். அவசரக் கூட்டம் கூடி, யாவற்றின் மேலும் நீலப் பெயின்ற் பூசுவதெனத் தீர்மானித்தோம். கதவையும் கதவு நிலையையும் ஒன்றாகவே பூசிவிட்டோம் என்பது பெயின்ற் காய்ந்த பிறகே தெரிந்தது.

குறித்த நாளில் அம்மையார் வந்தார். உரிமையாளர் கடலிலிருந்து நேரே வந்து, இடுப்பில் ஈரச் சாரத்துடன் ஒதுங்கி நின்றார். அம்மையார் கதவைத் திறக்க முயன்றார். கைப்பிடி கழன்று கையோடு வந்தது.

"எத்தனை வருஷமா இது ஓடாம நிக்குது?"

"நாப்பத்திரண்டு நாள்," என்றார் உரிமையாளர்.

அம்மையார் ரோர்ச் வெளிச்சத்துடன் லொறியின் கீழே நுழைந்தார். வெகுநேரம் கால்கள் மட்டுமே தெரிந்தன. எமது தும்பு எட்டாத ஓர் இடத்தில் பழைய எண்ணெய் அப்படியே இருந்திருக்கிறது. அதைத் துணியால் துடைத்தபோது, பட்டறையிலிருந்து அன்று வந்தது போன்ற இரும்பும், அதில் பொறித்த இலக்கமும் துலங்கின.

"இது ஒஸ்ரின்," என்று கீழிருந்து குரல் வந்தது. உபதலைவரின் முகம் மலர்ந்தது. "இந்த இடத்தை இவ்வளவு நல்லா வச்சிருந்தது யாரு?"

செயலாளர் நெஞ்சை நிமிர்த்தினார். "எங்கட சங்கம் ஆரம்பத்திலயிருந்தே..."

உரிமையாளர் அவரைப் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை. அம்மையார் தரையில் வைத்திருந்த பையையே பார்த்துக்கொண்டு நின்றார். பற்சில்லு சங்கத்துக்கென்று வந்தால் லொறியும் சங்கத்தின் கொட்டகையிலேயே நின்றுவிடும். இன்னுமொரு சோளகத்தை அது தாங்காது. அதை அறிய எனக்கு விலைப்பட்டியல் தேவைப்படவில்லை.

"பூசினது அவர். கழுவினது நாங்கள்," என்றேன்.

அத்தனை குறுகிய பேச்சை நான் எந்தக் கூட்டத்திலும் பேசியதில்லை. செயலாளர் அதனைக் குறிப்பேட்டில் பதியவுமில்லை.

அம்மையார் எழுந்து, பையைத் திறந்து, பற்சில்லை உரிமையாளரின் கையிலே கொடுத்தார். கதவைப் பெயர்த்தெடுக்க ஒரு நாளும், துருவைச் சுரண்ட எட்டு நாளும், கியரைப் பூட்ட ஒரு கிழமையும் சென்றன. இப்போது லொறி மறுபடியும் மீன்பெட்டிகளுடன் ஓடுகிறது. இரண்டாம் கியரில் ஏறும்போது அதன் ஓசை என் வீடுவரை கேட்கிறது. காற்று இப்பக்கம் திரும்பினால் சுறா ஈரல் எண்ணெயின் நாற்றமும் வருகிறது.

உரிமையாளரைக் கௌரவிக்கச் சங்கம் ஒரு கூட்டம் கூட்டியது. பொன்னாடையும் நன்றித் தீர்மானமும் ஆயத்தம் என்று நானே நேரிற் சென்று அழைத்தேன். லொறியையும் கொண்டுவந்து வாசலில் நிறுத்தினால் சிறப்பாயிருக்கும் என்றும் சொன்னேன்.

"கூட்டத்துக்கு நான் வாறன் ஐயா," என்றார். "லொறி வராது."