தீவு வீட்டில் காய்ச்சிய பால்

பொய் சொன்னவர் நீங்கள்தான், ஏஜெண்ட். "தீவில் கடலோர வீடு விற்பனைக்கு, ஆள் குடியில்லை" என்று உங்கள் முகநூல் பக்கத்தில் படத்தோடு போட்டீர்கள். அதை நம்பித்தான் நானும் என் மனைவி மல்லிகாவும் போன சனிக்கிழமை கிளம்பினோம்.

காலை ஐந்தரைக்கு சிம்பாங் ரெங்கத்தை விட்டோம். குளுவாங்கில் தோசை. அதன் பிறகு மெர்சிங் படகுத்துறை வரை பெரும்பாலும் செம்பனைத் தோட்டம்தான். மல்லிகா மடியில் ஒரு பித்தளைச் சொம்பும் பால் பாக்கெட்டும் வைத்திருந்தாள். பார்க்கத்தானே போகிறோம், வாங்காத வீட்டில் பால் காய்ச்ச என்ன அவசரம் என்று திட்டினேன்.

"போட்டுல போக ஆளுக்கு எழுபது வெள்ளி. இதுக்குன்னு இன்னொரு தடவ வரணுமா? இன்னைக்கு நல்ல நாள்லா," என்றாள்.

தொழிற்சாலையில் நைட் ஷிப்ட் பார்த்தே வயதானவள். ஜன்னலைத் திறந்தால் கடல் தெரிய வேண்டும். அவள் என்னிடம் கேட்டது அது ஒன்றுதான். படகில் போன நேரம் முழுக்க ஒரு கையைத் தண்ணீரில் விட்டபடியே வந்தாள். நான் திட்டவில்லை.

படத்தில் பார்த்த அதே நீலப் பலகை வீடு. ஆனால் வாசலில் செருப்பு கிடந்தது. உள்ளே என் வயதில் ஒரு மலாய் அம்மா மீன் செதில் உரசிக்கொண்டிருந்தார். பெயர் ரொஹானா. அக்கா என்பதை மலாயில் சொல்லி, காக் ரொஹானா என்றே கூப்பிட்டோம். வீட்டைப் பார்த்துக்கொள்ளும் ஆள் என்று நான் நினைத்தேன். தீவைச் சுற்றிப் பார்க்க வந்தவர்கள் என்று அவர் எங்களை நினைத்தார். மல்லிகா அடுப்பைக் கேட்டதும் கொடுத்தார்.

பால் நுரைத்து விளிம்புக்கு வந்தது. அந்த அம்மா ஓடிவந்து அடுப்பை அணைத்துவிட்டார். மல்லிகாவின் முகம் சுருங்கிப்போனது. புது வீட்டில் பால் பொங்கி வழிய வேண்டும், அது எங்கள் வழக்கம் என்று எனக்குத் தெரிந்த மலாயில் சொன்னேன்.

"எந்தப் புது வீடு?" என்று கேட்டார்.

கைப்பேசியில் உங்கள் படத்தைக் காட்டினேன். செதில் ஒட்டிய விரலால் பெரிதாக்கிப் பார்த்தார். "கொடியில காயுறது என் சாரோங்," என்றார்.

கணவர் இறந்த பிறகும் அங்கேயேதான் இருக்கிறாராம். விற்கப்போவதாகக் கணவரின் தம்பிகள் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவர் அழவில்லை. பாதி செதில் எடுத்த மீனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மல்லிகா மறுபடி அடுப்பை மூட்டினாள். "பாதியில நிறுத்தக்கூடாதுங்க. அவங்களுக்கே பொங்கட்டும்."

பொங்கி, அடுப்பெல்லாம் வழிந்தது. காக் ரொஹானா துணியைக் கையில் வைத்துக்கொண்டே துடைக்காமல் நின்றார். முதல் கிளாஸ் அவருக்கு.

திரும்பும் படகில் மல்லிகா ஒன்றே ஒன்றுதான் சொன்னாள்: "மீன் கழுவுற இடத்திலேருந்தே கடல் தெரியுது, பாத்தீங்களா?" எங்கள் வீட்டு ஜன்னலைத் திறந்தால் பக்கத்து வீட்டுச் சுவர். அதையே பார்த்துக்கொண்டு இருந்துவிடுகிறோம்.

ஏஜெண்ட், அந்தப் படத்தை நீங்கள் இன்னும் எடுக்கவில்லை. ஆள் இல்லாத வீட்டுக் கொடியில் காயும் சாரோங் யாருடையது? எனக்குத் தனியாகச் செய்தி அனுப்ப வேண்டாம். படத்துக்குக் கீழே, எல்லாரும் படிக்கிற இடத்தில், பதில் எழுதுங்கள்.