வாழைத்தோப்பை மூழ்கடித்த ஸ்கேனர்

கோயம்புத்தூரில் புது மிக்ஸி வாங்கினால் முதலில் சட்னி அரைக்க மாட்டோம். தலைகீழாகக் கவிழ்த்து, அடிமூடியைக் கழற்றி, உள்ளே என்ன மோட்டார் வைத்திருக்கிறான் என்று பார்ப்போம். பார்த்தபின் சும்மா மூடிவைக்கவும் கை வராது. ஒரு வயரையாவது மாற்றிக் கட்டினால்தான் அது நம்முடைய மிக்ஸி. கணபதிப் பகுதியில் மோட்டார் காயில் கட்டும் பட்டறை வைத்திருக்கிற எனக்கு இந்த வியாதி கொஞ்சம் முற்றிய நிலையில் இருக்கிறது.

எனக்கு இன்னொரு கிறுக்கும் உண்டு, ஹாம் ரேடியோ. பரீட்சை எழுதி, அரசாங்கத்திடம் லைசென்ஸ் வாங்கி, சொந்தச் சந்தோஷத்துக்காக வானலையில் பேசிக்கொள்கிற கூட்டம் நாங்கள். கையில் போன் இருக்கும்போது இதெல்லாம் எதற்கு என்று கேட்பவர்களைக் கண்டால் எனக்குக் கோபம்தான் வரும்.

வருடக்கணக்காகச் சமையலறையிலிருந்து என் பேச்சைக் கேட்டுக்கொண்டிருந்த மனைவி, ஒருநாள் தோசைக் கரண்டியோடு வந்து, "நானும் அந்தப் பரீட்சை எழுதிப் பாக்கட்டுங்களா?" என்று கேட்டாள். எழுதினாள், முதல் தடவையிலேயே தேறிவிட்டாள். நான் இரண்டாம் தடவையில் தேறியவன் என்பதை அவள் ஒருநாளும் சொல்லிக்காட்டியதில்லை. அந்த வேலையை அவள் தம்பி பார்த்துக்கொண்டான்.

லைசென்ஸ் வந்ததும் முதல் பேச்சை எங்கே பேசுவது என்ற கேள்வி வந்தது. ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்கள் பக்கத்து ஹாம்கள் எல்லாரும் ஒரே அலைவரிசையில் கூடுவோம். அதில்தான் பேசுவேன் என்றாள். எங்கள் வீட்டைச் சுற்றி அடுக்குமாடிகள் எழும்பிவிட்டன, கையடக்க செட்டுக்கு அங்கே பலம் போதாது. அதனால் தம்பியோடு மருதமலைக்குப் போய், மேலே நின்று பேசுவதாக முடிவானது.

"நானும் வாரேன்" என்றேன்.

"வேண்டாமுங்க. நீங்க பக்கத்துல நின்னா, அப்படிப் பேசு இப்படிப் பேசுன்னு சொல்லீட்டே இருப்பீங்க. எனக்கு வாயே வராதுங்க."

உண்மையைச் சொன்னால் கோபப்பட முடியாது. ஆனால் என்னிடம் இருந்தது அந்த ஒரே கையடக்க செட்தான். வீட்டில் இருந்த பெரிய செட்டைப் போன ஐப்பசியில் இடி தின்றுவிட்டது. கையடக்க செட்டையும் அவளிடம் கொடுத்துவிட்டால், என் மனைவி முதன்முதலாக வானலையில் பேசுவதை ஊரே கேட்கும், நான் மட்டும் கேட்க மாட்டேன். முதல் பேச்சு ஒரு தடவைதான். அதைக் கேட்டே ஆகவேண்டும் என்ற வெறி பிடித்துக்கொண்டது.

அப்போதுதான் கோபிசெட்டிபாளையத்தில் ஒரு விவசாயியிடம் பழைய ஸ்கேனர் இருப்பதாகக் கேள்விப்பட்டேன். ஸ்கேனருக்குக் காது உண்டு, வாய் கிடையாது. அலைவரிசைகளைத் தேடிப் பிடித்துக் கேட்க வைக்கும், பேச விடாது. எனக்கு அது போதும். போய் வாங்கிவந்தேன்.

வீட்டில் திறந்து பார்த்தவுடன் எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. ஸ்பீக்கரைக் காணோம். ஸ்பீக்கருக்குப் போகவேண்டிய வயர், தீப்பெட்டி அளவு ரிலே சுவிட்ச் ஒன்றுக்குப் போயிருந்தது. ஒலியைக் கூட்டிக் குறைக்கிற குமிழை வெட்டிவிட்டு, எப்போதும் முழு ஒலியிலேயே நிற்கும்படி ஒரு கம்பியைப் பற்றவைத்திருந்தார். கரண்ட் வருகிற இடத்தில் டிராக்டர் பேட்டரி வயர். ஏரியல் சொருகும் இடத்தில் கேபிள் டிவி சாக்கெட். எனக்கே பொறாமையாக இருந்தது. விவசாயிக்குப் போன் போட்டேன்.

"ஏனுங்க, இது என்னங்க பண்ணி வெச்சிருக்கீங்க?"

"அதுங்களா? மோட்டார் ரூம்ல வெச்சிருந்தனுங்க. ஊட்டுல இருந்து வாக்கிடாக்கிய அமுக்குனா, அது கேட்டு, ரிலே இழுத்து, மோட்டார் ஓடுமுங்க. நல்லாத்தான் ஓடுச்சு. எங்கூரு மாரியம்மன் நோம்பியிலதான் மானம் போச்சுங்க."

நோம்பித் திருவிழாவுக்கு வந்த தொண்டர்களும் வாக்கிடாக்கி வைத்திருந்தார்களாம். தேர் திரும்புகிறது என்று ஒருவர் சொன்னால் இவர் மோட்டார் ஓடும். பிரசாதம் தீர்ந்துவிட்டது என்று இன்னொருவர் சொன்னால் மறுபடி ஓடும். சாமி ஊர்வலம் முடிவதற்குள் வாழைத்தோப்பு குளமாகிவிட்டது.

"அதுக்கப்புறம் மொபைல்ல மோட்டார் போடறதுக்கு மாறிட்டமுங்க. நீங்க அதையெல்லாம் கழட்டிப்போடாதீங்க. ரொம்ப யோசிச்சுப் பண்ணுனதுங்க."

கழற்றத்தான் போகிறேன் என்று சொல்ல மனம் வரவில்லை. அவரும் நம்ம ஆள்தானே. கழற்றிய ஸ்பீக்கர், குமிழ், சாக்கெட் எல்லாவற்றையும் ஒரு மஞ்சப்பையில் போட்டு ஸ்கேனரோடு கொடுத்திருந்தார், ஒரு திருகாணிகூடக் குறையவில்லை.

இனிமேல்தான் கஷ்டம். புதிதாக ஒன்றைச் சேர்ப்பதென்றால் எங்கள் கை தானாக ஓடும். முன்னே எப்படி இருந்ததோ அப்படியே திருப்பிவைப்பது என்பது எங்களுக்குப் பழக்கமில்லாத வேலை. வயரிங் படத்தை மேஜையில் விரித்து, ரிலேயைப் பிரித்து, கம்பியை எடுத்து, குமிழைத் திரும்பப் பற்றவைத்தேன். ஒவ்வொரு இடத்திலும், இதை இப்படிச் செய்தால் இன்னும் நன்றாக இருக்குமே என்று உள்ளே ஒருவன் நச்சரித்துக்கொண்டே இருந்தான். மனைவி எட்டிப் பார்த்து, "இருந்த மாதிரியே இருக்கட்டுங்க" என்று சொல்லிவிட்டுப் போவாள். சனிக்கிழமை மதியம் மஞ்சப்பை காலியானது. சுவிட்சைப் போட்டேன். தாராபுரத்துக்காரர் ஒருவர் யாரிடமோ மழை நிலவரம் கேட்பது கணீரென்று கேட்டது. எனக்குத் தலைகால் புரியவில்லை. சோல்டரிங் அயர்னைக் கையில் பிடித்தபடியே ஆடினேன்.

அதோடு நிறுத்தியிருக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை காலையில் அவளும் தம்பியும் காரில் கிளம்பிய பிறகு, வீட்டில் நானும் ஸ்கேனரும் மட்டும். அந்தச் சின்ன ஸ்பீக்கரில் அவள் குரல் தகர டப்பாவில் பேசுவதுபோலக் கேட்குமே என்று ஒரு நினைப்பு வந்தது. பரணில் பழைய கார் ஸ்பீக்கர் ஒன்று கிடந்தது. மாட்டினேன். பெட்டிக்குள் அடங்கவில்லை. அழுத்தி அடக்கினேன், நீள ஸ்க்ரூ போட்டு முறுக்கினேன். சுவிட்சைப் போட்டால் சத்தமே இல்லை.

கூட்டம் ஆரம்பித்திருக்கும். அவள் மலைமேல் நின்றுகொண்டிருப்பாள். எனக்கு வந்த கோபத்தை யார்மேல் காட்டுவது? விவசாயியாவது தோப்புக்குத் தண்ணீர் பாய்ச்சப் பண்ணினார், நான் எதற்குப் பண்ணினேன்? ஸ்க்ரூவைக் கழற்றினேன். அது ஸ்பீக்கர் வயரைத் துளைத்துக்கொண்டு போயிருந்தது. வயரை வெட்டி, பழைய ஸ்பீக்கரைத் தேடி, விரலைச் சுட்டுக்கொண்டு பற்றவைத்தேன். பெட்டியை மூடாமலேயே சுவிட்சைப் போட்டேன்.

"இல்லீங்க, நீங்க மொதல்ல பேசுங்க."

"பரவால்லீங்க, நீங்க பேசுங்க."

"நீங்க பெரியவங்க, நீங்கதானுங்க மொதல்ல."

எங்கள் ஊர் மரியாதை அன்றைக்கு என்னைக் காப்பாற்றியது. பவானிக்காரரும் பொள்ளாச்சிக்காரரும் ஒருவருக்கொருவர் வழிவிட்டுக்கொண்டே இருந்ததில், கூட்டம் இன்னும் தொடங்கிய இடத்திலேயே நின்றது. கடைசியில் கூட்டத்தை நடத்துகிற தாராபுரத்துக்காரர், "புதுசா யாராவது இருக்கீங்களா?" என்றார்.

பிறகு அவள் குரல் வந்தது. லைசென்ஸோடு வந்த தன் அழைப்புக் குறியீட்டை ஒவ்வோர் எழுத்தாக, பிசகாமல் சொன்னாள். தகர டப்பாவில் பேசுவதுபோலத்தான் கேட்டது. எனக்கு அதுவே போதுமென்றிருந்தது.

"வாங்க அம்மணி, வாங்க. சாப்பிட்டாச்சுங்களா?"

"ஆச்சுங்க. மருதமலை மேல இருந்து பேசறனுங்க."

"ரொம்ப சந்தோசமுங்க. இதெல்லாம் யாருங்க சொல்லிக்குடுத்தது?"

"எங்கூட்டுக்காரருங்க. இப்பக் கேட்டுட்டு இருப்பாருங்க. அந்த மிஷின்ல அவரு திருப்பிப் பேச முடியாதுங்க, அதனாலதான் தைரியமாப் பேசறேன்."

ஆளாளுக்குச் சிரித்தார்கள். தாராபுரத்துக்காரர் சிரித்து முடித்து, "அவரு பேரு என்னங்க? நமக்குத் தெரிஞ்சவருங்களா?" என்று கேட்டார்.

கல்யாணமான நாளிலிருந்து அவள் என் பெயரைச் சொன்னதில்லை. எனக்கு 'ஏனுங்க', ஊருக்கு 'எங்கூட்டுக்காரர்'. ஆஸ்பத்திரியில் கேட்டால்கூடப் பக்கத்தில் இருப்பவரைச் சொல்லச் சொல்வாள், யாரும் இல்லையென்றால் என் ஆதார் கார்டை நீட்டுவாள். மலைமேல் கார்டை யாரிடம் நீட்டுவது? தம்பியிடம் செட்டைக் கொடுத்துவிடுவாள் என்று நினைத்தேன்.

அவள் என் பெயரைச் சொன்னாள். முழுப்பெயரையும், நிதானமாக, தன் குறியீட்டைச் சொன்னதுபோலவே தெளிவாகச் சொன்னாள்.

நான் அந்த வாயில்லாத பெட்டியைப் பார்த்து, "சொல்லு, சொல்லு, இங்கதான் இருக்கேன்" என்று கத்தினேன். பிறகு மொட்டைமாடிக்கு ஓடி, மருதமலை இருக்கிற திசையைப் பார்த்து, அடுக்குமாடிகளுக்கு மேலே கையை வீசினேன். எதிர்வீட்டு வாசலில் வண்டி கழுவிக்கொண்டிருந்தவர், ஹோஸைக் கீழே போட்டுவிட்டு அண்ணாந்தார்.

"ஏனுங்க, என்னாச்சுங்க?"

"எங்கூட்டம்மா எம்பேரச் சொல்லிட்டாங்க."

"யாருகிட்டீங்க?"

"எல்லாருகிட்டயும்தானுங்க" என்றேன். "தாராபுரம் வரைக்கும் கேட்டிருக்குமுங்க."