குத்தூசி

அப்பா இறந்து பதினைந்து நாளாகியும் எனக்கு அழுகை வரவில்லை. அவர் அலமாரியை ஒழித்துக்கொண்டிருந்தோம். என் மகள் ஓர் இரும்புத் துண்டை நீட்டி, "இது எதுக்கும்மா? இளநி ஓட்ட போடவா?" என்றாள். ஒரு சாண் நீளம், கூர்முனை, நடுவில் வாய்க்கால் போல் பள்ளம். முகர்ந்தேன். பழைய சாக்கு வாசனை.

செம்பட்டியில் எங்கள் அரிசிக்கடையில் அப்பா இதை மூட்டையின் விலாவில் குத்துவார். பள்ளத்தின் வழியே அரிசி உள்ளங்கையில் சரியும். இரண்டு மணியைக் கடித்துப் பார்த்துவிட்டுத்தான் விலை பேச வாயே திறப்பார்.

எனக்குப் பத்து வயதிருக்கும். அகரத்திலிருந்து அம்மாவின் தம்பி, பொங்கல் சீராக ஒரு மூட்டை அரிசி கொண்டுவந்தார். மாமா அதை வாசலில் இறக்கியதுமே, பழக்க தோஷத்தில் அப்பா இடுப்பிலிருந்து இதை உருவிக் குத்திவிட்டார். கடித்துக்கொண்டே, "நல்ல அரிசிதான்" என்றார்.

மாமா காபியைத் தொடவில்லை. "வாரேங்க்கா" என்று போனவர் பிறகு எங்கள் வாசலை மிதிக்கவேயில்லை. சீர் மட்டும் வருஷா வருஷம் ஆள் மூலம் வந்தது. அன்று அம்மா கோணி ஊசியால் சாக்கின் ஓட்டையைத் தைத்தாள்.

அப்பா இறந்த அன்று துட்டிக்கு வந்தபோதும் மாமா தெருவிலேயே நின்றுவிட்டுப் போனார். இன்று மத்தியானம், நாளைய கருமாதிக்கு ஒரு மூட்டை அரிசியோடு வீட்டுக்குள் வந்தார். மகள் அவரிடமும் இரும்பைக் காட்டினாள்.

"மூடை குத்துற ஊசி, தாயி" என்றார். தான் கொண்டுவந்த மூட்டையில் அவரே அதைக் குத்தினார். சரிந்த அரிசியை அப்பாவின் படத்துக்கு முன்னால் வைத்தார்.

"கடிச்சுப் பாத்துக்கங்க, மச்சான்."

பதினைந்து நாளாக மூலையை விட்டு அசையாத அம்மா எழுந்துபோய், கோணி ஊசியும் சணலும் எடுத்து வந்தாள்.