ஸம்ஸம் கானுக்குள் பெட்ரோல்

இடியப்பம் அவித்து விற்கிற வீட்டில் சுபஹு தொழுத கையோடு அடுப்பு மூண்டுவிடும். பிறகு அந்த நெருப்புக்குக் காவல் இருப்பதுதான் பாதித் தொழில். பெட்ரோலின் ஆவி நிலத்தோடு தவழ்ந்து போய் நெருப்பைத் தேடிப் பிடிக்கும் என்று எனக்கு முதலில் சொன்னது, பாண்டிருப்பிலிருந்து மீன் கொண்டுவருகிற சரசக்கா. பெட்ரோலுக்கு நாடே வரிசையில் நின்ற வருஷம் அது. ஆட்டோ ஓட்டுகிற பிள்ளையை வைத்திருக்கிற உம்மாமாரே, மிச்சம் உங்களுக்கும் தெரிந்த கதைதான்.

மாவு வாளிக்குப் பின்னால்

வரிசை முடிந்தது. ஆட்டோ ஓட்டுகிற என் மகன் றிஸ்வானுக்குச் சேர்த்துவைக்கிற பழக்கம் முடியவில்லை. தண்ணீர்ப் போத்தல்களில் பெட்ரோலை நிரப்பி, அடுப்படியில் மாவு வாளிக்குப் பின்னால் மறைத்துவைப்பான். வெளியில் வைத்தால் களவு போகுமாம். சரசக்கா சொன்னதைச் சொன்னேன். மூடி இறுக்கமாத்தான் இருக்கு என்றான். அந்த இறுக்கம் அடுத்த நாளே தெரிந்தது. வாடிக்கையாக வாங்குகிற வாத்தியார் பார்சலை முகர்ந்து பார்த்துவிட்டுக் கேட்டார்: "ராத்தா, இண்டைக்குச் சொதிக்குப் பதிலா இஞ்சின் ஒயிலா தந்திரிக்கீங்க?"

சாச்சியின் பிஸ்மில்லாஹ்

போத்தல்களை அடுப்படியை விட்டு எடுக்கச் சொன்னேன். எடுத்தான். உம்றாவுக்கு மக்கா போய்வந்தவர்கள் புனித நீரோடு தந்த ஸம்ஸம் கான் ஒன்று வெறுமையாகக் கிடந்தது. எல்லாவற்றையும் அதில் ஊற்றி முன் அறையில் வைத்துவிட்டான்.

சம்மாந்துறைச் சாச்சி வந்தா. நான் உள்ளே இடியப்பம் பிழிந்துகொண்டிருக்க, அவ கானைக் கண்டு, முக்காட்டைச் சரிசெய்து, கிப்லாத் திசையைப் பார்த்து நின்று, கோப்பையில் ஊற்றி பிஸ்மில்லாஹ்வும் சொல்லிவிட்டா. வாய்க்குப் போகுமுன் மூக்குப் பிடித்துக்கொண்டது, அல்ஹம்துலில்லாஹ். நான் மாவுக் கையோடு ஓடி வந்தால், அவ கோப்பையை எட்டப் பிடித்துக்கொண்டு நிதானமாகச் சொன்னா: "இதக் குடிச்சிருந்தா உன்ட மகன் என்னை ஸ்டாட் பண்ணிப் பொத்துவிலுக்கு ஹயர் போயிருப்பான் புள்ள."

சாம்பிராணித் தணல்

அதற்குப் பிறகு றிஸ்வான் கானை எங்கே கொண்டுபோனான் என்று எனக்குத் தெரியவில்லை. போய்விட்டது என்றே நினைத்தேன். பிள்ளைப்பேற்றுக்கு வந்திருந்த மகள் நஸ்றின், குழந்தையைக் குளிப்பாட்டிக் கட்டிலில் கிடத்திவிட்டு, சாம்பிராணி போட அடுப்புத் தணலைச் சட்டியில் அள்ளிக்கொண்டு அறைக்குப் போனாள். துவாய்த் துண்டோடு முன்னால் போன எனக்கு வாசலிலேயே மணம் அடித்தது. கட்டிலுக்கு மேலே பேரன். கீழே ஸம்ஸம் கான்.

நஸ்றினைச் சட்டியோடு முற்றத்துக்குத் திருப்பினேன். பிள்ளையைத் தூக்கி வெளியே கொண்டுபோய் அவள் கையில் கொடுத்தேன். சன்னல் கதவெல்லாம் திறந்தேன். பிறகு போய் அடுப்பில் தண்ணீர் ஊற்றினேன்.

மகனை ஏசவில்லை. பெட்ரோல் வீட்டை விட்டுப் போகும்வரை அடுப்பு மூளாது, அஸர் தொழுகைக்குப் பிறகு இடியப்பம் வாங்க வருகிறவர்களுக்குக் காரணத்தை நீயே சொல்லு என்றேன். கேட்டில் நின்று அவன் மென்று விழுங்கிச் சொன்னான். வாத்தியார் பாத்திரத்தை அவனிடமே நீட்டினார்: "அப்ப பெட்ரோல்ல அரை லீட்டர் ஊத்து தம்பி, மாசிச் சம்பலோட தின்னுவம்."

வளவின் மூலை

அன்றைக்கே கானை வெளியே கொண்டுபோனான். இப்போது அவசரத்துக்குக் கொஞ்சம் மட்டும், அதற்கென்றே உள்ள இரும்புக் கானில், விளிம்பு வரை நிரப்பாமல், வளவின் மூலையில் காற்றோட்டமான கொட்டிலுக்குள் நிழலில் பூட்டிவைக்கிறான். பக்கத்தில் ஒரு வாளி மண். பெட்ரோல் பற்றினால் தண்ணீர் ஊற்றக் கூடாது. அது தண்ணீரில் மிதந்து நெருப்பையும் கூட்டிக்கொண்டு போகும். குடிக்கிற தண்ணீர்ப் போத்தல், கான் எதிலும் ஊற்றுவதில்லை. வேலையை முடித்துவிட்டு அடுப்படி வாசலில் நின்றான்: "கான் போயிட்டும்மா. அடுப்ப மூட்டுங்க, எனக்கும் பசிக்குது."

பிள்ளைகள் ஆளாகிவிட்டாலும் உம்மாமாருக்குக் குனிந்து தேடுகிற வேலை மட்டும் குறையாது போலிருக்கிறது. நீங்களும் இதை வைத்துவிட்டு ஒருக்கா எழும்பிப் போய், உங்கட வீட்டு மூலைகளைக் குனிந்து பாருங்க.