மருந்தில் சேராத கஷாயம்

இந்த ஊரில் டீ என்று கேட்டால் கஷாயம் தருகிறார்கள். ஜெர்மனிக்கு வந்த புதிதில், எங்கள் ஆய்வுக்கூடத்துச் சமையலறையில் ஆசையாக ஒரு கோப்பையை வாங்கி வாயில் வைத்தேன். பால் இல்லை, சர்க்கரை இல்லை, தேயிலையே இல்லை. ஏதோ பூவைப் போட்ட வெந்நீர். கமில்லே என்றார்கள். வயிறு வலித்தால் அது, தொண்டை கட்டினால் ஸால்பை என்றோர் இலை, தூக்கம் வராவிட்டால் வேறொன்று. கடையில் வியாதிவாரியாக அட்டைப்பெட்டி அடுக்கி வைத்திருக்கிறார்கள். இத்தனையும் குடிக்கிற, என்னோடு வேலை பார்க்கிற ஸபீனா, ஜலதோஷத்துக்கு நான் சுக்கும் மிளகும் தட்டிப் போட்டுக் குடித்தால் மட்டும் மூக்கைச் சுளிப்பாள். "இது பாதுகாப்பானதா?" என்று கேட்பாள். "கொஞ்சம் காரமாக இருக்கும்" என்று நான் வெள்ளந்தியாகப் பதில் சொல்வேன். அவள் கேட்டது காரத்தைப் பற்றியல்ல என்பது பிற்பாடுதான் உறைத்தது. அன்றைக்கு வந்த எரிச்சல் இன்னும் போகவில்லை.

இத்தனைக்கும் எங்கள் பிழைப்பே கஷாயந்தான். மூலிகைகளைக் கொதிக்க வைத்து, வடிகட்டி, மனித ரத்தத்திலிருந்து பிரித்தெடுத்த வெள்ளை அணுக்களின் மேல் விடுவோம். நோயோடு சண்டை போடுகிற அந்த அணுக்கள் முழித்துக்கொள்கின்றனவா, அடங்கிப் போகின்றனவா என்று பார்ப்பது என் வேலை. ரத்தம் பெரும்பாலும் எங்களுடையதுதான். ஆரோக்கியமாக இருக்கிறவர்கள் முறைவைத்துக் கையை நீட்டுவோம். ஒருநாள் காய்ந்த தண்டுக் கட்டு ஒன்று வந்தது. பிரித்ததும் தெரிந்துவிட்டது, சீந்தில். திருச்சி காட்டூரில் எங்கள் வீட்டு வேப்பமரத்தைச் சுற்றிக்கொண்டு கிடக்கிற கொடி. அதை நாங்கள் யாரும் ஏறெடுத்துப் பார்த்ததில்லை. அதன் நீரை விட்டதும் தட்டில் இருந்த அணுக்களில் பெரும்பாலானவை சண்டைக்குக் கிளம்பிவிட்டன. "உங்கள் நாட்டு டீ வேலை செய்கிறது!" என்று ஸபீனா என் தோளைத் தட்டினாள், ஏதோ நான் பெற்ற பிள்ளை பரீட்சையில் பாஸானதுபோல. எனக்குச் சந்தோஷமாக இல்லை. அண்ணன் ஞாபகம் வந்தது.

அண்ணனுக்கு அரியமங்கலத்தில் ஒரு லேத் பட்டறை. இரண்டு சிறுநீரகமும் செயலிழந்தபோது என் ரத்த வகை அவனுக்குச் சேரவில்லை. அண்ணிதான் தன்னுடையதில் ஒன்றைக் கொடுத்தார். அடுத்தவருடைய உறுப்பை உடம்பு லேசில் ஏற்றுக்கொள்வதில்லை. அந்நியன் நுழைந்துவிட்டான் என்று அந்த வெள்ளை அணுக்கள் பாய்ந்துவிடும். அவற்றை அடக்கி வைக்க ஆயுசுக்கும் மாத்திரை போட வேண்டும். அந்த மாத்திரைகளின் தயவில்தான் அண்ணன் நடமாடுகிறான்.

அந்த மார்கழியில் விடுமுறைக்குப் போயிருந்தேன். காலையில் அடுப்பில் பச்சைக் கசப்பு வாடை. எட்டிப் பார்த்தால் சீந்தில் தண்டு கொதித்துக்கொண்டிருந்தது.

"யாருக்கு அண்ணி இது?"

"உங்கண்ணனுக்குத்தான். ஒடம்புல தெம்பே இல்ல. இம்யூனிட்டி ஏறணும்னு ஸ்ரீரங்கத்துச் சித்தப்பா சொன்னாரு. நம்ம மரத்துலயே கெடக்கே, தெனமும் வச்சுக் குடுக்கறேன்."

"இது சேஃப்தானா? டாக்டர்ட்ட கேட்டீங்களா?"

சொன்ன பிறகுதான் கவனித்தேன், அது ஸபீனாவின் கேள்வி.

"கஷாயத்துக்குப் போயி டாக்டர்ட்ட கேப்பாங்களா? இது என்ன மருந்தா?"

"அண்ணனுக்கு இம்யூனிட்டி ஏறக் கூடாது அண்ணி. அத அடக்கத்தான் மாத்திரையே. ஏறுனா உங்க கிட்னிய அது சும்மா விடாது."

அண்ணி கரண்டியைக் கீழே வைத்தார். "குடுத்தவ நான். அது நல்லா இருக்கணும்னு எனக்கு இல்லாத அக்கறை உனக்கு எங்கேருந்து வந்துச்சு?" அண்ணன் வந்தான். இருவர் முகத்தையும் பார்த்தான். டம்ளரை எடுத்து என் கண்முன்னே ஒரே மடக்கில் குடித்துவிட்டுப் பட்டறைக்குக் கிளம்பினான்.

சித்தப்பாவிடம் பேசலாம் என்று ஸ்ரீரங்கம் போனேன். வேலையிலிருந்து ஓய்வு பெற்றபின் அவருக்கு இதுதான் ஊழியம். கொரோனா காலத்திலிருந்து ஞாயிற்றுக்கிழமை காலையில் அடுக்குமாடி வாசலில் தூக்குப்பாத்திரத்தோடு உட்கார்ந்து, நடைப்பயிற்சிக்குப் போகிறவர்களை நிறுத்திக் கஷாயம் ஊற்றிக் கொடுப்பார். ஏகாதசிக் கூட்டத்தில் அன்றைக்கு வழி போகிறவர்களெல்லாம் குடித்துக்கொண்டிருந்தார்கள்.

"வெள்ளக்காரன் ஊர்ல போயி ஒக்காந்துக்கிட்டு நம்ம மூலிகைக்குக் குத்தம் கண்டுபுடிக்கிறியா?" என்றார், எல்லாருக்கும் கேட்கும்படி. "நாளைக்கு அவனே டப்பால அடச்சு விப்பான். அப்ப வாங்கிக் குடிப்ப."

"மத்தவங்க குடிக்கறதப் பத்திப் பேசல சித்தப்பா. அண்ணனுக்கு ஆகாதுங்கறேன்."

"ஆகாதுன்னு உனக்கு நிச்சயமாத் தெரியுமா?"

தெரியாது. கண்ணாடித் தட்டில் நடப்பதெல்லாம் உடம்புக்குள் அப்படியே நடந்துவிடாது. நடுவில் குடலும் ஈரலும் இருக்கின்றன. அதையே சொன்னேன். "அப்ப உனக்கே தெரியல!" என்று கூட்டத்தைப் பார்த்துச் சிரித்தார். நிச்சயமாகத் தெரியாததனால்தான் விஷப்பரீட்சை வேண்டாம் என்கிறேன் என்று நான் கத்தியது கோயில் நாதஸ்வரச் சத்தத்தில் அமுங்கிப் போயிற்று. அவரைச் சுற்றி நின்று தலையாட்டிய அத்தனை பேர் மேலும் எனக்கு ஆத்திரம் வந்தது.

அதே வாரம் அண்ணனுக்கு வழக்கமான பரிசோதனை. கிரியாட்டினின் ஏறியிருந்தது. அப்படி ஏறினால் சிறுநீரகம் தடுமாறுகிறது என்று அர்த்தம்.

"மாத்திரையெல்லாம் ஒழுங்கா போடுறீங்களா?" என்று டாக்டர் கேட்டார்.

"போடுறேங்க."

"வேற மருந்து ஏதாவது?"

"ஒண்ணும் இல்லீங்க" என்றான் அண்ணன். அண்ணியும் தலையாட்டினார். இருவரும் பொய் சொல்லவில்லை. ரசம் சாப்பிட்டதை யாராவது டாக்டரிடம் சொல்வார்களா? எங்கள் வீடுகளில் கஷாயமும் அந்தக் கணக்குத்தான்.

"அண்ணன் தெனமும் சீந்தில் கஷாயம் குடிக்கிறாரு டாக்டர்" என்றேன் நான்.

டாக்டர் அண்ணி பக்கம் திரும்பினார். "நீங்க குடுத்த கிட்னிய நீங்களே கொல்லப் பாத்தீங்களாம்மா?" கதவு திறந்திருந்தது, வெளியே காத்திருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். அண்ணி புடவைத் தலைப்பை இழுத்துத் தழும்பு இருக்கும் இடத்தில் அழுத்திப் பிடித்துக்கொண்டார். நான் ஜெயிக்க வேண்டும் என்று நினைத்தது உண்மை. இப்படி ஜெயிக்க நினைக்கவில்லை. அந்த டாக்டரை அங்கேயே அறைந்திருப்பேன்.

பயாப்ஸி எடுத்தார்கள். அண்ணனின் உடம்பு அண்ணியின் சிறுநீரகத்தை நிராகரிக்கத் தொடங்கியிருந்தது. ஆஸ்பத்திரியில் சேர்த்து, வீரியமான மருந்து ஏற்றி, எப்படியோ நிறுத்தினார்கள். கஷாயந்தான் காரணமா என்று டாக்டரால் அடித்துச் சொல்ல முடியவில்லை. "பாத்தியா, டாக்டரே சொல்லல" என்று சித்தப்பா போன் செய்து சொன்னார். நான் கிளம்பும்போது அண்ணி வாசல்வரை வந்தார். "நல்லபடியா போயிட்டு வாங்க" என்றார். அதுவரை என்னை அவர் ஒருநாளும் 'வாங்க' என்று சொன்னதில்லை.

சென்ற வாரம் ரத்தம் கொடுக்கிற முறை என்னுடையது. "மற்ற எல்லாரையும்விட உன் அணுக்கள்தான் சீந்திலுக்கு அதிகமாகச் சண்டைக்கு நிற்கின்றன" என்று முடிவைப் பார்த்து ஸபீனா சிரித்தாள். அந்நேரம் பார்த்து அண்ணன் வீடியோவில் கூப்பிட்டான். முகம் தெளிந்திருந்தது. போனை வேப்பமரத்தின் பக்கம் திருப்பினான்.

"பாரு, உங்கண்ணி அடியோட வெட்டிட்டா. மேல மாட்டிக்கிட்டுத் தொங்குற துண்டு சாவே மாட்டேங்குது. அங்கேருந்தே வேர எறக்குது சனியன். இதையும் வெட்டிடவா?"

நான் வாயைத் திறப்பதற்குள் பின்னாலிருந்து அண்ணியின் குரல் கேட்டது.

"அவங்கள எதுக்குங்க கேக்குறீங்க? அவங்க வீடா இது?"

அண்ணன் போனைத் திருப்பவில்லை. திரையில் நூல் மாதிரி அந்த வேர், மண்ணுக்கு ஒரு முழம் மேலே ஆடிக்கொண்டிருந்தது. என் மேசையில் அடுத்த சோதனைக்கான சீந்தில் நீர் ஆறிக்கொண்டிருந்தது.