மூணாவது இதழ்ல வழுக்குன உளி

எனக்கு காலாப்பட்டுல ஆபீஸ். கிளார்க் வேலை. டவுன்ல பஸ் ஏறினா பிள்ளைச்சாவடி வர்றதுக்குள்ள தூங்கிடுவேன். கண்டக்டரே ரெண்டு தடவ தட்டி எழுப்பியிருக்காரு. கையில பேட்டரி வாட்ச், அதுவும் கல்யாணத்துல மாமனார் போட்டது. இப்படிப்பட்ட ஆளு ஜெர்மனிக்காரன் வாட்ச்சைப் பத்தி உலகத்துக்கே பாடம் எடுத்தான்னா நம்புவீங்களா? எடுத்தேனே. ரெண்டாயிரத்துக்கு அப்புறம், தெருவுக்குத் தெரு பிரவுசிங் சென்டர் வந்த புதுசுல.

எல்லாம் ஒரு படத்துல ஆரம்பிச்சது. ஆபீஸ் வேலையா எதையோ தேடப் போயி, ஒரு வாட்ச்சோட முதுகு வந்து நின்னுச்சு. பின்பக்கமும் கண்ணாடி. உள்ள மெஷின் மொத்தமும் தெரியுது. சாவி குடுத்து ஓடுற வாட்ச், பேட்டரி கெடையாது. ஸ்க்ரூவெல்லாம் நீலம். அது பெயிண்ட் இல்ல, சூடு காட்டிக் காட்டி இரும்புல வரவெச்ச நீலம். மெஷின முழுசா ஒருதடவ மாட்டி ஓட்டிப் பாப்பாங்களாம். அப்புறம் பிரிச்சுப் போட்டு, ஒவ்வொரு துண்டையும் இழைச்சு, மறுபடி மொதல்லேருந்து மாட்டுவாங்களாம். எங்க ஆபீஸ்ல ஒரு ஃபைல ஒருதடவ ஒழுங்கா கட்டுனாலே பெரிய விஷயம்.

அந்த வாட்ச்சுக்குப் பைத்தியமான ஆளுங்க எழுதிக்கிற ஃபோரம் ஒண்ணு இருந்துச்சு. நானும் சேந்தேன். நிறைய படிச்சேன், நிறைய எழுதினேன். வாட்ச் வெச்சிருக்கேன்னு ஒருநாளும் சொன்னதில்ல. இல்லன்னும் சொன்னதில்ல. அவங்களா என்னை புரொஃபசர்னு கூப்பிட ஆரம்பிச்சாங்க. ஆபீஸ்ல என்னை எல்லாரும் "யோவ்"னு கூப்பிடுற காலம் அது. எனக்கு எது பிடிக்கும்னு நீங்களே சொல்லுங்க.

அப்பதான் அந்த ஜெர்மனிக் கம்பெனிக்காரன் புது மெஷின் ஒண்ணு போட்டான். உள்ள இப்படியும் அப்படியும் ஆடிக்கிட்டே இருக்குற சின்னச் சக்கரம், பேலன்ஸ் வீல்னு பேரு, அதுக்கு மேல ஒரு சின்ன பாலம் மாதிரி தகடு இருக்கும். அதுல ஒரு பூ செதுக்கியிருப்பாங்க. அது கையால செதுக்குற பூ, ஒண்ணு மாதிரி இன்னொண்ணு இருக்காதுன்னு பேரு. நான் நெட்டுலேருந்து ரெண்டு படம் எடுத்து கலர் பிரிண்ட் போட்டேன். ஒண்ணு மஞ்சளா, ஒண்ணு நீலம் பாஞ்ச மாதிரி. ரெண்டு வாட்ச்சு. மூணு வாரம் பூவையே பாத்தேன். மூணாவது இதழ் நுனியில உளி லேசா வழுக்கி, மயிரு மாதிரி ஒரு கோடு வெளிய வந்திருந்துச்சு. ரெண்டு படத்துலயும்.

கை தப்பு பண்ணும். ஆனா ரெண்டு வாட்ச்சுல, ஒரே இதழ்ல, ஒரே தப்ப எந்தக் கையும் பண்ணாது. அப்ப அது கை இல்ல, மெஷினு. பட்டுனு எழுதிப் போட்டுட்டேன்.

ஃபோரம் பத்திக்கிச்சு. காசு போட்டு வாங்கினவன் எல்லாம் என்மேல பாஞ்சான். பாதிப் பேரு "புரொஃபசர் சொன்னா சரியாத்தான் இருக்கும்"னு என் பக்கம் நின்னான். அந்தத் தெம்புல இன்னொண்ணும் எழுதினேன்: "நான் சொன்னது தப்புன்னா, தப்புன்னு என் கையாலயே எழுதிட்டு, இங்க இனிமே வாய் தொறக்க மாட்டேன்."

நாலு நாள் கழிச்சு ஒருத்தர் தனியா எழுதினாரு, இங்கிலீஷ் எழுத்துல தமிழ். "உங்க பேருக்குக் கீழ பாண்டிச்சேரின்னு போட்டிருக்கு. எனக்கு சொந்த ஊரு அரியாங்குப்பம். பாரீஸ்ல இருக்கேன். நீங்க திட்டுற வாட்ச் என் கையில இருக்கு. அடுத்த மாசம் தங்கச்சி வீட்டுக்கு வர்றேன். வந்து பாத்துட்டு அப்புறம் பேசுங்க."

நேர்ல போனா என் கையில இருக்குற மாமனார் வாட்ச் தெரிஞ்சிடும். போகலைன்னா பயந்துட்டான்னு ஊரே சொல்லும், அதாவது ஜெர்மனி, சிங்கப்பூரு, பாரீஸ் எல்லா ஊரும். போயே தீர்றதுன்னு முடிவு பண்ணேன்.

வீட்டுல சொன்னேன்.

"வாட்ச் யாருது?"ன்னாங்க வீட்டம்மா.

"அவருது."

"வாங்கிட்டு வரப் போறீங்களா?"

"இல்ல. பாக்கப் போறேன்."

"பாத்தா என்னா கெடைக்கும்?"

"கெடைக்கிறது என்னா? நான் குடுத்த வார்த்தை இருக்குல்ல?"

"ஏங்க, அந்த வார்த்தைய இங்கயும் கொஞ்சம் காட்டுங்க. கொழாய் மாத்துறேன்னு சொல்லி ஒரு மாசம் ஆச்சு."

பூவ சரியா பாக்கணும்னா வாட்ச் ரிப்பேர்காரங்க கண்ணுல வெச்சுப் பாக்குற பூதக்கண்ணாடி லென்ஸ் வேணும். காந்தி வீதியில கண்ணாடிக் கடை வெச்சிருக்குற பாய்கிட்ட கேட்டேன். எனக்கு பவர் ஏற ஏற கண்ணாடி மாத்திக் குடுக்குறவரு.

"தர்றேன் சார். ஆனா லென்ஸ் எங்க போவுதோ அங்க நானும் வருவேன். போன தடவ ஒருத்தரு வாங்கிட்டுப் போயி கீறலோட குடுத்தாரு."

"அது நான்தான் பாய்."

"அதனாலதான் சொல்றேன்."

ஞாயித்துக்கெழம பாய் ஸ்கூட்டர்ல ஆத்துப் பாலம் தாண்டி அரியாங்குப்பம் போனோம். பின்னாடி உக்காந்து, பிரிண்ட் ரெண்டையும் காத்துல பறக்காம நெஞ்சோட அணைச்சுப் புடிச்சிருந்தேன். ஸ்கேன் எடுத்த நோயாளி மாதிரி.

வாசல்ல நின்னவருக்கு என்னைவிட நாலஞ்சு வயசு கூட இருக்கும். "வாங்க முசே, வாங்க"ன்னாரு, பிரெஞ்சுல சார்னு சொல்ற மாதிரி. கை குடுத்தாரு. அந்தக் கையிலதான் வாட்ச். நான் வாட்ச்சப் பாத்தேன், அவரு என் மணிக்கட்டப் பாத்தாரு. மாமனார் வாட்ச் பளபளன்னு இருந்துச்சு. மொத நாள்தான் சோப்பு போட்டுக் கழுவியிருந்தேன்.

"நீங்க உங்களோடத எடுத்துட்டு வரலயா?"ன்னாரு.

"என்கிட்ட கெடையாது முசே. இருந்ததும் இல்ல. நேர்ல பாக்குறதே இப்பதான்."

என் மணிக்கட்ட மறுபடி ஒருதடவ பாத்தாரு. அப்புறம் சிரிச்சுட்டாரு. "பாக்காமயே இவ்ளோ திட்டுனீங்களா? நான் கார் வேணாம்னு விட்டுட்டு இத வாங்கினவன். மூணு வாரமா ராத்திரி தூக்கமில்ல, தெரியுமா? நெசமாவே மெஷின்ல பண்ணதான்னு."

அப்பதான் உறைச்சது. நான் பேருக்காக எழுதினது இந்த மனுஷனோட நிம்மதிய கெடுத்திருக்கு.

வாட்ச்சக் கழட்டி, மேஜையில ஒரு கைக்குட்டைய விரிச்சு, முதுகு மேல தெரியிற மாதிரி வெச்சாரு. பாய் லென்ஸத் தொடச்சுக் குடுத்தாரு. குனிஞ்சேன். ஒண்ணும் தெரியல, பனி மூட்டம்.

"மூச்ச அடக்குங்க சார், கண்ணாடி மேல ஆவி பிடிக்கிறீங்க"ன்னாரு பாய்.

மூச்ச அடக்கிட்டு மறுபடி குனிஞ்சேன். தொந்தி மேஜையில இடிச்சுச்சு. எனக்கு ஒரு மூச்சுக்கு அரை நிமிஷம்தான் தாங்கும். வெளிய வந்து மூச்சு வாங்கிட்டு மறுபடி உள்ள போவேன். கெணத்துல குடம் தேடுறவன் மாதிரி பத்துப் பன்னெண்டு முங்கு.

படத்துல பாத்த பூ இல்ல இது, வேற. இதழெல்லாம் வேற. கோடு ஆரம்பிக்கிற எடத்துல ஆழமா, முடியிற எடத்துல ஊசி மாதிரி மெலிசா. மூணாவது இதழ் சுத்தமா இருந்துச்சு. அஞ்சாவது மட்டும் மத்ததைவிட கொஞ்சம் தடிச்சு, யாரோ அந்த நேரத்துல தும்மலை அடக்குன மாதிரி. அதுக்குக் கீழ பேலன்ஸ் வீல் மூச்சு விட்டுக்கிட்டே இருந்துச்சு. எந்தப் படத்துலயும் அது அசைஞ்சதில்ல.

"கைதான்"னேன். "சந்தேகமே இல்ல. கைதான் முசே."

அவரு மூச்சு விட்டது எனக்குக் கேட்டுச்சு.

"அப்ப அந்த ரெண்டு வாட்ச்?"ன்னாரு.

பிரிண்ட்ட பக்கத்துல பக்கத்துல வெச்சோம். வழுக்குன கோடு அப்படியே இருந்துச்சு, ரெண்டுலயும். நானும் அவரும் பூவயே மொறச்சுப் பாத்துக்கிட்டிருந்தோம். பாய் பின்னாலேருந்து எட்டிப் பாத்தாரு.

"சார், ஒண்ணு கேக்கட்டா? இந்த நீல ஸ்க்ரூ எல்லாம் ரெண்டு படத்துலயும் ஏன் ஒரே பக்கம் பாத்து நிக்கிது?"

"என்னது?"

"ஸ்க்ரூ தலையில வெட்டு இருக்குல்ல. இது இந்தப் பக்கம் சாஞ்சிருக்கு, அதுலயும் அப்படித்தான். இது நேரா, அதுலயும் நேரா. ஆறு ஸ்க்ரூவும். நான் தெனம் கண்ணாடி ஃபிரேமுக்கு ஸ்க்ரூ போடுறவன். ஒரே ஃபிரேம்ல ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி வந்து நின்னதில்ல. இது ரெண்டு வாட்ச் இல்ல சார். ஒரே வாட்ச். லைட்ட மாத்தி ரெண்டு தடவ படம் புடிச்சிருக்கான்."

மேஜை மேல இருந்த வாட்ச்சப் பாத்தேன். அதுல ஸ்க்ரூ ஒவ்வொண்ணும் வேற பக்கம் பாத்துக்கிட்டு இருந்துச்சு. எதுவுமே என்னைப் பாக்கல. வாட்ச்ச கையில தொட்ட எவனும் இந்தத் தப்ப பண்ணியிருக்க மாட்டான். படத்த வெச்சுக் குடும்பம் நடத்துறவனுக்குத்தான் வரும். ஒரே ஆள சட்டை மாத்திப் பாத்துட்டு, ரெட்டைப் புள்ளைங்கன்னு ஊரெல்லாம் சொல்லியிருக்கேன்.

"விடுங்க முசே"ன்னாரு பாரீஸ்காரரு. "என் மனசு ஆறிடுச்சு, அது போதும். நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன். அவங்களும் மறந்துடுவாங்க."

பாயும், "ரெண்டு நாள் போவட்டும் சார். சூடு ஆறுனப்புறம் எழுதுங்க"ன்னாரு.

ரெண்டு நாள் விட்டா எனக்கு ஆயிரம் சமாதானம் தோணும். கிளார்க் வேலையே அதுதான். "இன்னிக்கே"ன்னேன். "ஆனா அதுக்கு முன்னாடி இன்னொரு தடவ பாத்துக்கறேன்." மறுபடி மூச்ச அடக்கினேன். இந்தத் தடவ இதழ் இதழா ஒரு பேப்பர்ல குறிச்சுக்கிட்டேன். பூ மட்டுமில்ல, ஸ்க்ரூ எந்தப் பக்கம் பாக்குதுங்கிறதும் சேத்து.

பாய் என்னை பிரவுசிங் சென்டர் வாசல்லயே எறக்கி விட்டாரு. மொதல்ல மூணு வரி எழுதினேன். நான் சொன்னது தப்பு. ரெண்டு படமும் ஒரே வாட்ச். என்கிட்ட இந்த வாட்ச் கெடையாது, எப்பவும் இருந்ததில்ல. மூணாவது வரிக்குத்தான் ரொம்ப நேரம் ஆச்சு. நாலு தடவ அழிச்சு அஞ்சு தடவ எழுதினேன்.

அதோட நிறுத்தியிருக்கணும். வாக்கு அப்படித்தான். ஆனா பையில அந்தப் பேப்பர் இருந்துச்சு. அஞ்சாவது இதழ் ஏன் தடிச்சிருக்குன்னு யாராவது சொல்லணும்ல? எழுத ஆரம்பிச்சேன். கோடு ஆழமா ஆரம்பிச்சு மெலிசா முடியிறத, அதுக்குக் கீழ வீல் மூச்சு விடுறத, ஒவ்வொரு ஸ்க்ரூவும் அது இஷ்டத்துக்கு நிக்கிறத. முடிக்கிறப்ப, மூணு வரி மன்னிப்புக்குக் கீழ ரெண்டு பக்கம் பூ இருந்துச்சு.

வாய் தொறக்க மாட்டேன்னு சொன்னவன் ரெண்டு பக்கம் தொறந்திருக்கேன். மறைக்க முடியாது. அதனால கடைசியில அதையும் எழுதினேன்: "குடுத்த வார்த்தைய மீறிட்டேன். புரொஃபசர்னு கூப்பிடாதீங்க. வெளிய தள்ளுறதுன்னா தள்ளுங்க. நானா போவ மாட்டேன்."

எழுத்துப் பிழை பாக்காம சென்ட் பட்டன அமுக்கிட்டேன்.