பனிச்சட்டைக்குள் இருந்தது

அமெரிக்காவில் பார்சிப்பனி என்ற ஊருக்கு வந்த முதல் குளிர்காலத்தில், கார் மேல் விழுந்த பனியைத் தள்ளும்போது போட்டுக்கொள்ள முரட்டுச் சட்டை ஒன்று வேண்டும் என்று, பழைய சாமான் விற்கும் ஃப்ளீ மார்க்கெட்டுக்குப் போனேன். பழைய தட்டுகளுக்கும் ஸ்கேட்டிங் ஷூக்களுக்கும் நடுவே அது கிடந்தது. தலையை மூடும் தொப்பியோடு, உள்ளே எதையோ திணித்துத் தைத்த கனமான சட்டை. ஒரு பக்கம் சாம்பல் நிறம். திருப்பிப் போட்டால் வெள்ளை. விற்ற பெண்மணிக்கு அதைப் பற்றி ஒன்றும் தெரியவில்லை. மாமனாரின் கராஜைக் காலி பண்ணியபோது கிடைத்தது என்றார்.

மனைவி முதல் வேலையாக அதை வாஷிங் மெஷினில் போட்டு எடுத்தாள். காய்ந்ததும் வெள்ளைப் பக்கம் வெளியே தெரியப் போட்டுக் காட்டினேன்.

"ஏனுங்க, மாவு மூட்டைக்குக் கை மொளைச்ச மாதிரி இருக்குதுங்க," என்றாள்.

இருக்கட்டும், குளிர் தாங்கியது. ஆனால் ஒன்று மட்டும் உறுத்தியது. இரண்டு கைகளிலும் முழங்கைக்கு மேலே பொத்தான்கள் இருந்தன. அவற்றை மாட்டுவதற்குச் சட்டையில் எங்குமே காஜா இல்லை. நான் திருப்பூர்க்காரன். பனியன் கம்பெனி வைத்திருந்த வீட்டில் வளர்ந்தவன். காரணமில்லாமல் எந்தக் கம்பெனியும் ஒரு பொத்தானைக்கூடத் தைக்காது என்பது எனக்குத் தெரியும். அலுவலகத்தில் புரோக்ராம் எழுதிக்கொண்டிருக்கும்போதுகூட அந்தப் பொத்தான்களின் நினைவு வரும்.

ஒருநாள் அலுவலக பார்க்கிங் லாட்டில், எங்கள் டீமில் இருந்த ஓர் அமெரிக்கர் என்னைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார். பழைய ராணுவச் சாமான்களைச் சேர்ப்பவர் என்று கேள்விப்பட்டிருந்தேன்.

"நீ என்ன போட்டிருக்கேன்னு உனக்குத் தெரியுமா?"

"ஜாக்கெட்."

"ஜெர்மன் ராணுவ ஜாக்கெட். ரெண்டாம் உலகப் போர்ல ரஷ்யாவுக்குப் போனவங்களோடது."

சட்டென்று அதைக் கழற்றிவிட்டேன். குளிர் எலும்பில் இறங்கியதும் மறுபடி போட்டுக்கொண்டேன். அவர் சிரித்தார். சட்டைக் கையிலிருந்த பொத்தான்களைக் காட்டிக் கேட்டேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது. இந்தக் கேள்விக்காகவே வருஷக்கணக்காகக் காத்திருந்தவர் போலச் சொல்ல ஆரம்பித்தார். ரஷ்யாவில் முதல் குளிர்காலத்தில் ஜெர்மன் படைக்குச் சரியான உடுப்பு இல்லை. பனியில் மறைந்துகொள்ளப் படுக்கை விரிப்பையும் மேஜைத் துணியையும் போர்த்திக்கொண்டார்கள். அதற்குப் பிறகு தைத்ததுதான் இப்படி இருபக்கமும் போடும் சட்டை. ஆனால் எதிரியும் வெள்ளையில்தான் வருவான். பனிக்குள் யார் நம்மவன், யார் எதிரி? அதற்காக ஒரு கலர் துணிப்பட்டையைக் கையில் மாட்டிக்கொள்வார்கள். எதிரி கண்டுபிடித்துவிடக் கூடாது என்று அடிக்கடி மாற்றுவார்கள். அந்தப் பட்டைக்குத்தான் பொத்தான். காஜா பட்டையில் இருந்தது.

அன்றைக்கு எனக்குப் பிடித்த கிறுக்கு ஏழெட்டு வருஷம் விடவில்லை. சனிக்கிழமைகளில் அவரோடு பழைய ராணுவச் சாமான் கண்காட்சிகளுக்கு டிரைவ் பண்ணிப் போவேன். மற்றவர்கள் பதக்கம், கத்தி, கழுகுச் சின்னம் என்று அலைவார்கள். அந்த மேஜைகளை நான் நிற்காமல் தாண்டிப் போய்விடுவேன். எனக்கு வேண்டியதெல்லாம் துணி. துப்பாக்கி விசையை இழுப்பதற்காக ஆள்காட்டி விரலுக்கு மட்டும் தனி இடம் விட்ட கையுறை, உடைந்த கண்ணாடிச் சில்லுகளைப் போலப் பச்சையும் பழுப்புமாய் அச்சடித்த கால்சட்டை. எந்த ஆலையில் நெய்தது, யார் தைத்தது, ஏன் இங்கே இரட்டைத் தையல் என்றே புத்தி ஓடியது.

போலிகளும் நிறைய. போருக்குப் பின் வந்த நூலும் துணியும் அல்ட்ரா வயலட் விளக்கில் நீலமாக ஒளிரும் என்று நண்பர் சொன்னார். விளக்கு வாங்கி வந்து, பாத்ரூம் கதவைச் சாத்திக்கொண்டு சோதித்தேன். என் சட்டை தீபாவளி மத்தாப்புப் போல ஜொலித்தது. மனசே உடைந்துவிட்டது. மனைவி எட்டிப் பார்த்து, என் வேட்டி ஒன்றைக் கொண்டுவந்து பக்கத்தில் பிடித்தாள். அது இன்னும் ஜொலித்தது.

"சோப்புத் தூளுங்க. நான் தொவைச்சது பின்ன எப்படி மின்னாம போகும்?"

அவள் சொன்னதுதான் சரி. தொப்பியின் மடிப்பை விலக்கி, சோப்பு ஏறாத உள்நூலைப் பார்த்தோம். அது ஒளிராமல் இருட்டாகவே இருந்தது. சட்டை அசல்தான்.

இந்தச் சட்டையை ஒரு வசந்த காலத்தில், பூச்சி பிடிக்காமல் இருக்க, பால்கனியில் காயப்போட்டிருந்தேன். கீழ்வீட்டில் போலந்திலிருந்து வந்த வயதான பெண்மணி ஒருவர் இருந்தார். பள்ளிக்கூடம் விட்டதும் எங்கள் மகளைப் பார்த்துக்கொள்வார், எங்களுக்கு ஆன்ட்டி. அன்று கீழே நின்று பால்கனியை அண்ணாந்து பார்த்துக்கொண்டேயிருந்தவர், படியேறி வந்து கதவைத் தட்டினார்.

"அதை நான் தொட்டுப் பார்க்கலாமா?"

எடுத்துக் கொடுத்தேன். மடியில் போட்டு, வெள்ளைப் பக்கத்தை மேலே திருப்பினார். சின்ன வயதில், ஒரு விடியற்காலையில், வீட்டுக்கு எதிரே பனி மூடிக் கிடந்த வயல் நகர்ந்து வருவது போலத் தெரிந்ததாம். கிட்ட வந்த பிறகுதான் இப்படி வெள்ளைச் சட்டை போட்ட ஜெர்மன் ஆட்கள் என்று புரிந்தது. அவர்கள் வீட்டை எடுத்துக்கொண்டார்கள். இவருடைய குடும்பம் மாட்டுக் கொட்டகைக்குப் போனது. ஆடுகளையும் ஓட்டிக்கொண்டு போய்விட்டார்கள். ஈரமான சட்டைகளை அடுப்புக்குப் பக்கத்தில் உலர்த்துவது அம்மாவின் வேலை. பிள்ளைகள் தொடக் கூடாது.

"இதுக்குள்ள இருக்கறது நம்ம ஆட்டு ரோமம்தான்னு அம்மா சாகிற வரைக்கும் சொல்லிட்டிருந்தா," என்றார். "உள்ளே என்ன இருக்கு? உனக்குத் தெரியுமா?"

எனக்குத் தெரியவில்லை. பொத்தானையும் ஆலை முத்திரையையும் நூலையும் துருவித் துருவிப் பார்த்தவன், உள்ளே என்ன திணித்திருக்கிறது என்று யோசித்ததே இல்லை. சேகரிப்பவர்கள் தையலைப் பிரிக்க மாட்டார்கள். நான் மனைவியைப் பார்த்தேன். அவள் அதற்குள் பிளேடை எடுத்து வந்துவிட்டாள்.

கீழ் ஓரத்தில் நாலு தையல் பிரித்தாள். விரலை விட்டு ஒரு பிடி வெளியே எடுத்தாள். அழுக்குச் சாம்பல் நிறத்தில் கொசகொசவென்று ஏதோ. ஜன்னல் வெளிச்சத்தில் பிரித்துப் பார்த்தபோது நடுநடுவே சிவப்பு நூல், பச்சை நூல், பூப்போட்ட துணியின் நகக்கண் அளவு துணுக்கு ஒன்று.

"பழந்துணி," என்றேன். "கிழிச்சு, அரைச்சு, மறுபடி அடைச்சிருக்காங்க. எங்க ஊர்லயும் கழிவுத் துணியை இப்படி அரைப்பாங்க."

ஆன்ட்டி அந்தத் துணுக்கைக் கட்டைவிரலால் நீவிக்கொண்டே இருந்தார். "ஆடு இல்ல," என்றார். துணுக்கைக் கண்ணுக்குக் கிட்டே பிடித்து, "இது யாரோ ஒருத்தியோட கவுன்," என்றார்.

பிறகு எழுந்து, நாங்கள் எதிர்பார்க்காத விதமாக, சட்டையைப் போட்டுக்கொண்டார். அது முழங்கால் வரை தொங்கியது. தோளை அசைத்துப் பார்த்தார். "நல்லாவே சூடா இருக்கு. கொட்டகையில படுத்திருந்தப்ப, அவங்களுக்குக் குளிராதுன்னு நான் நினைச்சது சரிதான்."

வேண்டுமானால் வைத்துக்கொள்ளுங்கள் என்றேன். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "எனக்கு எதுக்கு? என்கிட்ட நல்ல கோட் இருக்கு." அந்தத் துணுக்கை மட்டும் மனைவியிடம் கொடுத்து, உள்ளேயே வைத்துத் தைத்துவிடச் சொன்னார். அவள் தைத்து முடிக்கும் வரை பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தார். பிறகு மகளைக் கூட்டிவரப் பஸ் நிறுத்தத்துக்குக் கிளம்பிப் போனார்.

டெக்சஸில் ரவுண்ட் ராக்குக்கு எனக்கு வேலை மாற்றலானபோது மற்றதையெல்லாம் நண்பரிடம் கொடுத்துவிட்டேன். சட்டையை மட்டும் வைத்துக்கொண்டேன். அவர் அதைக் கடைசியாகப் புரட்டிப் பார்க்கையில் புதுத் தையலைக் கண்டு உச்சுக்கொட்டினார். நடந்ததைச் சொன்னேன். சட்டையை மடித்து என்னிடமே திருப்பிக் கொடுத்தார். டெக்சஸ் வந்து சேர்ந்த கொஞ்ச நாளில் அவரிடமிருந்து போன் வந்தது. தன்னிடம் இருந்ததிலேயே நல்ல சட்டையை அவரும் பிரித்துவிட்டாராம்.

"உள்ளே என்ன?" என்று கேட்டேன்.

"பெரும்பாலும் நீலம்," என்றார். "ஏதாவது யூனிஃபார்மா இருக்குமோ? உனக்கு என்ன தோணுது?"

அன்றைக்கு நெடுநேரம் பேசிக்கொண்டிருந்தோம்.